பித்தப்பை இல்லாத ஊர்

பிசைந்த மருதாணியை முதலில் தன் குதிகாலில் அப்பிப் பார்க்கிறாள் மன்னூபியா. கிண்ணத்தை மடியில் இடுக்கிக்கொண்டு, சுவரில் சாய்ந்து, இடது காலை வலது முழங்கால் மேல் தூக்கிப் போட்டு, ஒரு சிட்டிகை எடுத்துப் பாத வெடிப்பில் அழுத்துகிறாள். அது பிடிக்கும் வரை மணப்பெண் காத்திருக்க வேண்டும். அவளைப் பெற்றவள், சித்திகள், பாட்டுப் பாட வந்த மேளக்காரிகள் எல்லாரும் காத்திருக்க வேண்டும். "நேரமாகுதே" என்று யாராவது வாயெடுத்தால் தலையைக்கூடத் தூக்க மாட்டாள்.

"என் காலுக்கே பிடிக்காதது உங்க பொண்ணு கைக்குப் பிடிக்குமா? இருங்கம்மா. மாப்பிள்ளை எங்கயும் ஓடிட மாட்டான். ஓடுனா நல்லதுக்குன்னு நெனச்சுக்கங்க."

இப்படிக் கல்யாணத்துக்குக் கல்யாணம் பார்த்துப் பார்த்து அவளுடைய குதிகால்கள் பேரீச்சம்பழ நிறத்துக்கு வந்துவிட்டன. என்ன தேய்த்தாலும் போகாது. அவளும் தேய்ப்பதில்லை.

காபெஸ் நகரத்தில் மணப்பெண்ணுக்கு மருதாணி வைக்கிறவள் அவள். நான் அதே கல்யாணங்களில் பெண்கள் பக்கம் படம் எடுக்கிறவள். ஆண்கள் நுழையாத அந்தக் கூடங்களில் விருந்துக்கு வராமல் வேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் நாங்கள் இருவர்தான். அதனால் அடுப்படி மூலையில் ஒரே தட்டில் கூஸ்கூஸ் தின்று பழகிவிட்டோம். என் பெயர் அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் "ஏய் படக்காரி" என்றுதான் கூப்பிடுவாள்.

குரலைத் தாழ்த்திப் பேச அவளுக்குத் தெரியாது. ஷேர் வேனில் முன்சீட்டில்தான் உட்காருவாள். அங்கே ஏற்கெனவே ஓர் ஆள் இருந்தால், அவர் எழுந்து பின்னால் போகும் வரை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஜாரா சந்தையில் மருதாணிப் பொடியை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, கடைக்காரனின் முகத்துக்கு நேராகத் துப்பாமல் பக்கவாட்டில் துப்புவாள். அது அவள் காட்டும் மரியாதை. "போன வருஷத்து இலைய இந்த வருஷத்துத் தண்ணியில நனைச்சு வச்சிருக்க. இத உன் மாமியாருக்கு வை." கடைக்காரன் சிரித்துக்கொண்டே உள்ளறையிலிருந்து வேறு மூட்டையைக் கொண்டு வருவான்.

எங்கள் ஊர்க் கல்யாணங்களில் மணப்பெண்ணின் உள்ளங்கையில் வைக்கும் முதல் பொட்டு சாதாரணமானதல்ல. புருஷனோடும் பிள்ளைகளோடும் நிறைவாக வாழ்கிற ஒருத்தி வைக்க வேண்டும். அந்தப் பெண்ணின் வாழ்வு மணப்பெண்ணின் கையில் இறங்கும் என்பது நம்பிக்கை. பல வீடுகளில் அந்தப் பொட்டையும் மன்னூபியாவையே வைக்கச் சொல்லிவிடுவார்கள். புருஷன் லாமீன் உரத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். பிள்ளைகள் மூன்று. வாய் எப்போதும் சிரித்தபடி. இதைவிட நிறைவு எங்கே கிடைக்கும்? கைராசிக்காரி என்று பெயரெடுத்திருந்தாள். அவள் பொட்டு வைத்த பெண்கள் முதல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் மடியில் போட்டுவிட்டுப் போவார்கள். அது மடியை நனைத்தால், "பாரு, நன்றி சொல்லுது" என்பாள்.

அந்தக் கைராசிக்காரிக்கு உள்ளுக்குள் ரத்தம் கொட்டிக்கொண்டிருந்ததை ஊர் அறியாது.

நான் அறிவேன். கறுப்புப் பாவாடை தவிர வேறு நிறம் உடுத்துவதை அவள் நிறுத்தியிருந்தாள். உட்காரும் இடத்தில் தன் மேல்துண்டை நான்காக மடித்துப் போட்டுக்கொள்வாள். வேலை நடுவில் சட்டென்று எழுந்து போய், முகம் வெளுத்துத் திரும்பி வருவாள். மாதத்தில் சில நாட்கள் என்றிருந்தது, பிறகு மாதத்தில் சில நாட்கள் மட்டும் இல்லை என்றாயிற்று. உள்ளூர் ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரைகளை ஒரு வருடத்துக்கு மேல் விழுங்கினாள். கருஞ்சீரகம், மாதுளந்தோல் கஷாயம், ஓதிய தண்ணீர் எதையும் விடவில்லை.

"ஊருக்கெல்லாம் சிவப்பு வைக்கிறேன்ல, படக்காரி? எனக்குள்ள ஒருத்தி உக்காந்து எனக்கு வச்சுக்கிட்டே இருக்கா. எப்ப முடிப்பான்னுதான் தெரியல" என்றாள் ஒருநாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். உதடு காகிதம்போல் இருந்தது.

ஷெனினித் தோப்புப் பக்கம் ஒரு கல்யாணத்தில் மணப்பெண்ணின் காலை மடியில் வைத்துக் கோலம் இழுத்துக்கொண்டிருந்தவள், கோடு முடியுமுன் அப்படியே முன்னால் சாய்ந்து விழுந்தாள். மேளக்காரிகள் பாட்டை நிறுத்தினார்கள். மணப்பெண் வீரிட்டாள். நாங்கள் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் தெளித்ததும் கண்ணைத் திறந்து அவள் முதலில் பார்த்தது அந்தப் பெண்ணின் காலை.

"கோடு கோணிடுச்சா?"

மறுநாளே அவளுடைய மகள் ரவுதாவும் நானும் அவளை ஸ்ஃபாக்ஸுக்கு அழைத்துப் போனோம். வைத்தியம் என்றால் எங்கள் ஊரில் எல்லாரும் ஏறிப் போகும் வழிதான் அது. அங்கே ஒரு டாக்டரம்மா ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டி விளக்கினார். கர்ப்பப்பையில் நார்க்கட்டிகள். ஒன்று இரண்டல்ல, மாதுளை முத்துப்போல. சிறியதும் பெரியதுமாகச் சுவரெல்லாம் பிடித்திருந்தன. மாத்திரை கேட்காத நிலை. ரத்தம் பாதிக்கும் கீழே போயிருந்தது. முதலில் ரத்தம் ஏற்ற வேண்டும். பிறகு பையை எடுத்துவிடுவது நல்லது என்றார். வேறு வழிகளும் இருக்கின்றன, ஆனால் இத்தனை கட்டிகளுக்கு அவை எவ்வளவு தாங்கும் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

"வயித்தக் கிழிப்பீங்களா?"

"கிழிக்க வேணாம். தொப்புள்கிட்ட ஒரு சின்ன ஓட்டை. அது வழியா ஒரு கேமரா. சுத்தி இன்னும் மூணு சின்ன ஓட்டை, கருவிங்க போறதுக்கு. உள்ள பையை விடுவிச்சு, கீழ் வழியாவே எடுத்துடுவோம்."

மன்னூபியா என் பக்கம் திரும்பினாள். "கேமராவாம்டி. இங்க உனக்குப் போட்டி வந்தாச்சு." பிறகு டாக்டரம்மாவிடம், "மூணு பிள்ளைங்க வந்த வழி. அதுவும் அதே வழியில போகட்டும். மரியாதையா இருக்கும்" என்றாள்.

ரவுதா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு பாதி திறந்திருந்தது. வெளியே ஆட்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மன்னூபியா அடுத்த கேள்வியையும் அதே குரலில் கேட்டாள். "அப்புறம் புருஷன் பொண்டாட்டியா இருக்கலாமா, கூடாதா?"

"தாராளமா இருக்கலாம். ஒன்றரை மாசம் பொறுங்க, உள்ள தையல் ஆறணும். முட்டைப்பை ரெண்டையும் விட்டுடுறோம், அதனால உடம்பு திடீர்னு மாறிடாது."

"புருஷன் கையெழுத்து வேணுமா?"

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "வயிறு யாரோடது?"

"என்னுதுதான்."

"அப்ப நீங்களே போடுங்க."

அவள் போட்டாள். மருதாணி ஏறிய விரல்களால், எழுத்தெழுத்தாக, தாள் கிழியும்படி அழுத்திப் போட்டாள்.

வீட்டில் புயல் அடித்தது. புயலுக்குப் பெயர் நாத்தனார். லாமீனின் அக்கா செய்தி கேட்டதும் முக்காட்டைச் சரியாகக்கூடப் போடாமல் ஓடி வந்தாள். "பையை எடுத்த பொம்பள காலி வீடு மாதிரிடா. கதவு இருக்கும், சன்னல் இருக்கும், உள்ள ஆளிருக்காது. நாளைக்கு நீ வேற இடம் தேடுவ, அப்ப இவ என்னைக் குத்தம் சொல்லுவா."

லாமீன் அதிகம் பேசுகிறவன் அல்ல. வீட்டில் இருக்கிற சொற்களையெல்லாம் மனைவியே எடுத்துக்கொள்வதால் மிச்சம் கிடைப்பதில்லை என்பான். அன்று மன்னூபியாதான் பதில் சொன்னாள். "காலி வீடுதான் மதினி. வாடகைக்கு விட மாட்டேன், போதுமா? நான் மட்டும் இருந்துக்கறேன்."

ஆனால் அறுவை அன்று காலை ஆஸ்பத்திரி நடைவழியில் லாமீன் டாக்டரம்மாவை ஓரமாக நிறுத்தி ஒரு சந்தேகம் கேட்டான். நான் பக்கத்தில் இருந்தேன். தொண்டையைக் கனைத்துக் கனைத்துக் கடைசியில் கேட்டான்: "இத எடுத்தா அவ குரல் மாறிடுமா?"

"மாறாது."

"அப்படியே கத்துவாளா?"

"அப்படியேதான்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு அவன் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். செருப்பைக் கழற்றி வைத்து, பள்ளிவாசலில் உட்காருவதுபோல் உட்கார்ந்திருந்தான். அவள் வெளியே வரும் வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

மயக்கம் தெளிந்ததும் அவள் முதலில் திட்டியது தோள்பட்டையை. "வயித்துல ஓட்டை போட்டுட்டு எதுக்குடி தோள் வலிக்குது? யாராவது மாத்தி அறுத்துட்டாங்களா, பாரு." உள்ளே பார்ப்பதற்காக நிரப்பிய காற்று அப்படித்தான் தோளில் குத்தும், நடந்தால் சரியாகும் என்றாள் நர்ஸ். அன்று மாலையே அவளை எழுப்பி நடக்கவிட்டார்கள். ஒரு கையில் லாமீன், இன்னொரு கையில் நான். வயிறு உப்பி, கால் தளர்ந்து, சன்னல் வரை போனாள். வெளியே சாலையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. லாமீன் நாற்காலி எடுக்கப் போன நேரம் பார்த்து, அவளுடைய வாழ்க்கையில் முதல்தடவையாகக் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டாள்.

"அத எங்கடி போட்டிருப்பாங்க?"

"பரிசோதனைக்கு அனுப்பியிருப்பாங்க, அக்கா. கெட்ட கட்டியான்னு பாக்க."

"இல்ல, சும்மா கேட்டேன்." சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "மூணு பேரப் பத்திரமா வச்சிருந்த எடம். ரவுதா உள்ள இருந்தப்ப நான் மாடிப்படியில உருண்டேன், அவளுக்கு ஒரு கீறல் இல்ல. அது அப்படிப் பாத்துக்கிச்சு. நான் ஒரு சலாம்கூடச் சொல்லாம அனுப்பிட்டேன்."

அழுதாள். சத்தமில்லாமல் அழுதாள். அழும்போது வயிறு குலுங்கி வலித்ததால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அழுதாள். லாமீன் நாற்காலியோடு வருவதைக் கண்டதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஒரு நாற்காலி தூக்கிட்டு வர இவ்ளோ நேரமா? ஆப்பரேஷன் எனக்கா, உனக்கா?" என்றாள்.

கெட்ட கட்டி இல்லை என்று முடிவு வந்தது. வீட்டுக்கு வந்தாள். அப்போதுதான் உண்மையான சண்டை தொடங்கியது.

நாத்தனார், ரவுதா, பக்கத்து வீட்டுக்காரிகள் எல்லாரும் ஒருமனதாக ஒரு யோசனை சொன்னார்கள். "பித்தப்பைய எடுத்தாங்கன்னு சொல்லிடு. அதுக்கும் இதே மாதிரி நாலு ஓட்டைதான். யாருக்குத் தெரியப் போவுது?" நானும் சொன்னேன். வெட்கப்பட்டு அல்ல, தொழிலை நினைத்து. கைராசி என்பது கண்ணாடிக் குவளை. ஒரு விரிசல் போதும்.

மன்னூபியா அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் தையல் பிடித்து இழுத்திருக்க வேண்டும். ஒரு கையால் வயிற்றை அழுத்திக்கொண்டாள். "என் பித்தப்பை நல்லாத்தான் இருக்கு. அதுல இருக்கற கசப்பு இல்லாம இந்த ஊர்ல எப்படிடி பொழைக்கிறது?"

அவள் மறைக்கவில்லை. மாவுக்கடையில் விசாரித்தவளிடம் சொன்னாள். மருந்துக்கடையில், முன்னால் நின்ற ஆண்களும் கேட்கும்படி சொன்னாள். "கர்ப்பப்பைய எடுத்தாச்சு. நார்க்கட்டி. இப்ப நல்லா இருக்கேன். வெள்ளைப் பாவாடை வாங்கப் போறேன்." வாங்கவும் செய்தாள். பனிபோல வெள்ளை. அதை உடுத்திக்கொண்டு கடற்கரைச் சாலையில் லாமீனோடு நடந்தாள். பல வருடங்களாகக் கறுப்பை விட்டு வெளியே வராதவள் அந்த வெள்ளையை ஒரு கொடிபோல் தூக்கிப் பிடித்தபடி நடந்ததை நான் படமெடுத்திருக்கிறேன்.

பிறகு இரண்டு காரியங்கள் ஒரே சமயத்தில் நடந்தன. கல்யாண வீடுகளிலிருந்து ஆள் வருவது குறைந்தது. "மருதாணிக்கு வேற ஏற்பாடு பண்ணிட்டோம், ஒடம்பப் பாத்துக்குங்க" என்று தேனில் தோய்த்துச் சொல்லி அனுப்பினார்கள். அதே வீடுகளின் பெண்கள், மத்தியான வேளையில், முக்காட்டை மூக்கு வரை இழுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். கையில் ஒரு தட்டு மக்ரூத் இனிப்பு, அல்லது தோட்டத்து மாதுளை. நான் இருப்பதைப் பார்த்தால் தயங்குவார்கள். மன்னூபியா அவர்களை உள்ளறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. அப்புறம் அவளுடைய சிரிப்பு. போகும்போது வந்தவர்களின் முக்காடு நெற்றிக்கு ஏறியிருக்கும்.

"என்னக்கா கேக்கறாங்க?"

"தோள்வலி எப்பப் போகும்னு கேக்கறாளுங்க. சிலருக்கு ஆப்பரேஷன் இனிமேதான். சிலருக்கு எப்பவோ ஆயிடுச்சு." மெல்லும் பிசினை வாயில் புரட்டிக்கொண்டாள். யார் எவர் என்று ஒரு பெயர் சொல்லவில்லை. "படக்காரி, இந்த ஊர்ல ஒரு பொம்பளைக்கும் பித்தப்பையே இல்லடி. அத்தனையும் எடுத்தாச்சாம்."

அந்தச் சமயத்தில்தான் ஹஜ்ஜம்மா துராக்கியா வீட்டுக் கல்யாணம் வந்தது. மூன்று மாடி வீடு, பேச்சுக்கு மறுபேச்சு இல்லாத மனுஷி. அவருடைய மூத்த மகளுக்குப் பல வருடங்களுக்கு முன் மருதாணி வைத்தது மன்னூபியாதான். இப்போது கடைக்குட்டி அமானிக்குக் கல்யாணம். அமானி, "மன்னூபியா அத்தை இல்லேன்னா எனக்கு மருதாணியே வேணாம்" என்று நின்றுவிட்டதால், ஹஜ்ஜம்மா பாதி வழி இறங்கி வந்தார். மன்னூபியா வரட்டும், பிசையட்டும், விருந்தாளிகளுக்கும் வைக்கட்டும். ஆனால் மணப்பெண்ணின் முதல் பொட்டு அவள் வைக்கக் கூடாது. இந்த நிபந்தனையை மட்டும் யாரும் அவளிடம் சொல்லி அனுப்பவில்லை.

கூடம் நிறைந்திருந்தது. சன்னலில் மாலை வெயில். அமானி பச்சைப் பட்டில் மெத்தைமேல் உட்கார்ந்திருந்தாள். மன்னூபியா குதிகால் சோதனையை முடித்து, கிண்ணத்தோடு எழுந்து, அவளுக்கு முன்னால் போய் முட்டி போட்டாள். ஹஜ்ஜம்மாவின் கை குறுக்கே வந்தது.

"நீ இப்பிடி உக்காரு. முதல் பொட்ட பஹீஜா வைப்பா."

பஹீஜா ஐந்து ஆண்பிள்ளைகளைப் பெற்றவள். ஹஜ்ஜம்மாவின் தம்பி மனைவி. பொன்னாலேயே செய்ததுபோல் ஜொலித்துக்கொண்டு பின்னால் நின்றாள்.

மன்னூபியா எழுந்திருக்கவில்லை. "ஏன்?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு? நல்ல நேரத்துல பேச்சு வேணாம்."

"நல்ல நேரந்தான். அதான் கேக்கறேன். சொல்லுங்க ஹஜ்ஜம்மா. உங்க மூத்த மக கையில நான்தான் வச்சேன். இந்தக் கை அதே கை. என்ன மாறிச்சு?"

மேளத்தில் சும்மா தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. ஹஜ்ஜம்மாவின் முகம் சிவந்தது. சொல்லாமல் தப்ப முடியாத இடத்தில் அவள் அவரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள்.

"உனக்கே தெரியும். உள்ள ஒண்ணும் இல்லாத பொம்பள கை, முதன்முதலா வாழப் போற பொண்ணு மேல படக் கூடாது. நான் உன்னக் கேவலமாச் சொல்லல. வழக்கத்தச் சொல்றேன்."

"சரி." மன்னூபியா மெதுவாக எழுந்தாள். "உள்ள இருக்கா இல்லையான்னு பாத்துத்தான் கை வைக்கணும்னா வாசல்ல ஒரு ஸ்கேன் மிஷின் வச்சிருக்கணும் ஹஜ்ஜம்மா. காலையில இந்தப் பொண்ணுக்குத் தலை பின்னிவிட்டவ, குளிப்பாட்டுனவ, பட்டு கட்டிவிட்டவ, எல்லாரையும் படுக்க வச்சுப் பாத்துடலாம்."

எங்கோ ஒரு மூலையில் களுக்கென்று சிரிப்பு எழுந்து அமுங்கியது. மத்தியான வேளைகளில் அவள் வீட்டு வாசலில் நான் பார்த்த முகங்கள் பல அந்தக் கூடத்தில் இருந்தன. ஒவ்வொன்றும் தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தது. மன்னூபியா ஒருத்தியின் பக்கமும் கண்ணைத் திருப்பவில்லை. ஒரு பெயர் சொன்னால் போதும், அந்தக் கூடமே கவிழ்ந்திருக்கும். அவள் கிண்ணத்தின்மேல் துணியைப் போட்டு மூடினாள். இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

"கிண்ணத்த எங்க எடுத்துட்டுப் போற? வச்சிட்டுப் போ" என்றார் ஹஜ்ஜம்மா.

"இது இந்தக் கை பிசைஞ்சது. என் கை ஆகாதுன்னா இதுவும் ஆகாது. கடையில பொட்டலத்துல விக்கிறான். தண்ணி ஊத்தி நீங்களே பிசைஞ்சு வைங்க. எந்த ஆபத்தும் இல்ல."

அமானி மெத்தையிலிருந்து எழப் பார்த்தாள். ஹஜ்ஜம்மா அவள் தோளை அழுத்தினார். மன்னூபியா படியில் கால் வைத்துவிட்டாள்.

"மன்னூபியா, நில்லு."

பேசியது பஹீஜா. வளையல்கள் குலுங்க ஓர் அடி முன்னால் வந்தாள். அவள் பேசியது எல்லாருக்கும் கேட்டது.

"மதினி. நான் பொட்டு வைக்கக் கூடாது. எனக்கு எடுத்தது பித்தப்பை இல்ல."

ஹஜ்ஜம்மா திரும்பிப் பார்த்தார்.

"கடைசிப் பையன் பொறந்த அடுத்த வருஷம். உங்க தம்பிக்குத் தெரியும். உங்ககிட்டச் சொல்ல வேணாம்னு நான்தான் சொன்னேன். இதுவரைக்கும் நாலு பொண்ணுங்களுக்கு முதல் பொட்டு வச்சிருக்கேன், மதினி. நாலு பேரும் நல்லாத்தான் இருக்காங்க."

"அடியே..." என்றார் ஹஜ்ஜம்மா.

பின்வரிசையில் ஒரு கிழவி சிரிக்கத் தொடங்கினாள். வெற்று ஈறு தெரிய, தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். "எனக்கு இருக்குடி! எனக்குப் பத்திரமா இருக்கு! ஆனா புருஷன் செத்துப் போய்ட்டானே, இப்ப யாருடி வைக்கிறது?" கூடம் வெடித்தது. மேளக்காரி ஒருத்தி தாளத்தைத் தட்டிவிட்டாள். அமானி தாயின் கையை உதறிக்கொண்டு, பட்டைச் சுருட்டிப் பிடித்தபடி இறங்கி வந்து, வாசற்படியிலேயே உட்கார்ந்து கையை நீட்டினாள்.

மன்னூபியா அவள் கையைப் பார்த்தாள். பஹீஜாவைப் பார்த்தாள். பஹீஜாவின் கண்மை கன்னத்தில் இறங்கியிருந்தது.

"நீயும் வாடி. ரெண்டு பேரும் சேந்தே வைப்போம். ஒருத்திகிட்ட இல்லாதது இன்னொருத்திகிட்டயும் இல்ல, சண்டை வராது."

அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. யாருக்கும் கொடுக்கவில்லை.

ஹஜ்ஜம்மா அடுக்களைக்குப் போய்விட்டார். விருந்து முடியும் வரை வெளியே வரவில்லை. இன்றுவரை மன்னூபியாவோடு பேசுவதும் இல்லை. தெருவில் எதிர்ப்பட்டால் எதிர்ப்பக்கம் நடப்பார். அவரோடு சேர்ந்து இன்னும் சில பெரிய வீடுகளும் அவளைக் கூப்பிடுவதில்லை. அவை திரும்பி வரும் என்று நானும் நினைக்கவில்லை, அவளும் நினைக்கவில்லை. "போனா போவட்டும். அந்த வீட்டுல டீயில சர்க்கரையே போட மாட்டாளுங்க." ஆனால் கூப்பிடுகிற வீடுகள் இப்போது வேறு மாதிரி கூப்பிடுகின்றன. சில மணப்பெண்கள் தாமே வந்து கூப்பிடுகிறார்கள். பஹீஜாவும் ஓய்ந்த பொழுதில் வந்து, ஜொலிப்பையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு இலை சலிக்க உட்காருகிறாள்.

அமானிக்குக் குழந்தை பிறந்ததா என்று கேட்பீர்கள். ஊரும் அதைத்தான் கேட்டது, கணக்குத் தீர்க்க. மன்னூபியாவிடம் யாரோ கேட்டபோது, "அவ வயிறு, அவ கதவு. நீ ஏண்டி எட்டிப் பாக்கற?" என்று விரட்டிவிட்டாள். அதனால் நானும் சொல்லப் போவதில்லை.

போன வெள்ளிக்கிழமை ஜாராவுக்குப் பின்னால் ஒரு வீட்டில் வேலை. மணப்பெண்ணின் பெரியம்மா ஒருத்தி, நாற்பது வயதிருக்கும், முகம் வெளிறி, உட்கார்ந்த இடத்தில் துண்டை மடித்துப் போட்டிருந்தாள். நெடுநேரம் சுற்றிச் சுற்றி வந்தாள். கடைசியில் மன்னூபியாவின் காதருகே குனிந்து, தனக்கு அடுத்த வாரம் ஸ்ஃபாக்ஸில் நாள் குறித்திருப்பதாகவும், அறுத்த வயிறு எப்படியிருக்கும் என்று நினைத்தாலே தூக்கம் வரவில்லை என்றும் சொன்னாள். யாருக்கும் கேட்காமல் சொன்னதாக அவள் நினைத்திருக்க வேண்டும். சுற்றியிருந்த எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

மன்னூபியாவின் இரண்டு கையிலும் மணிக்கட்டு வரை பச்சைக் குழம்பு. முழங்கையால் சட்டையின் கீழ்விளிம்பை ஒதுக்கித் தூக்கி, தலையைக் குனிந்து அதைப் பல்லால் கவ்விக்கொண்டாள். தொப்புளருகே ஒன்று, பக்கங்களில் மூன்று. கோதுமை மணி அளவுக்கு வெளுத்த தழும்புகள். வாய் நிறையத் துணியோடு, கைகளை இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்தபடி, அந்தப் பெண் குனிந்து ஆசை தீரப் பார்த்து முடிக்கும் வரை அப்படியே நின்றாள்.